மழை நாளில் ஜன்னலுக்கு வெளியே ஒருவர்

பர் துபாயில் நான் குடியிருக்கும் கட்டடத்துக்கு ஏழு மாடி. என் வீடு ஐந்தாவதில். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்து ஏ.சி. பெட்டிகளும், கீழே மீனா பஜார் பக்கம் போகிற தெருவும் தெரியும். பெரிய காட்சி ஒன்றுமில்லை. ஆனாலும் வாடகை கொடுக்கிறோம் இல்லையா, ஜன்னல் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நினைப்போம். நானும் நினைத்தேன்.

ஒரு பிப்ரவரியில் ராத்திரியோடு ராத்திரியாக மழை பெய்து விட்டது. காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்க சேறு தெளித்த மாதிரி கோடு கோடாக வழிந்து காய்ந்திருந்தது. போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்து, கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "விண்டோ கிளீனிங் எப்போது? மூன்று மாதம் ஆச்சு" என்று ஒரு வரி. ஐந்து நிமிஷத்தில் நாலு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். நாத்தூர் "ஓகே சார்" என்று போட்டார். அதோடு மறந்து விட்டேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி மேகம் மூடியது. காலை ஏழு மணிக்கே அலுவலகத்தில் இருந்து மெயில் வந்தது. வானிலை சரியில்லை, ரோட்டில் தண்ணீர் தேங்கலாம், எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள், பாதுகாப்பாக இருங்கள் என்று. என் அலுவலகம் மெட்ரோவில் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷம் எனக்கு ஆபத்து என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். சந்தோஷம்தான். டீ போட்டுக்கொண்டு லேப்டாப்பைத் திறந்து மீட்டிங்கில் உட்கார்ந்தேன்.

பத்து மணி சுமாருக்கு ஜன்னலில் 'தொப்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ஒரு ஜோடி ஷூ. அப்புறம் முழங்கால், இடுப்பில் கட்டிய பெல்ட், அதில் தொங்குகிற வாளி, அப்புறம் ஹெல்மெட் போட்ட ஒரு முகம். தூறல் விழுந்துகொண்டே இருந்தது. அவர் கயிற்றில் ஆடியபடி சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சுக்கட்டையால் என் கண்ணாடியைத் தேய்க்க ஆரம்பித்தார்.

மேலே இருந்து யாரோ ஏதோ கேட்க, அவர் சத்தமாகப் பதில் சொன்னார்: "இன்னும் ரெண்டு ஜன்னல்தான்டா, கயித்த விடு!"

தமிழ்.

மீட்டிங்கில் மைக்கை அணைத்து விட்டு ஜன்னலைக் கொஞ்சம் திறந்தேன். "அண்ணே, மழையில எதுக்கு?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கம்ப்ளெய்ன்ட் வந்திருக்காம் சார்."

அந்தக் கம்ப்ளெய்ன்டைக் கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கண்ணாடிக்கு மழையால் கெடுதல் இல்லை

அன்று மதியம் அவர்கள் இறங்கியதும் கீழே கஃபட்டேரியாவில் கரக் டீ வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தேன். முதுகுளத்தூர் பக்கத்துக்காரர். வயது நாற்பத்தைந்து இருக்கும். பதினோரு வருஷமாகக் கயிறு. முதலில் 'சார்' என்றவர், இரண்டாவது டீயில் 'தம்பி'க்கு வந்து விட்டார்.

நான் முதலில் கேட்டது ஒரு முட்டாள்தனமான கேள்வி. மழை பெய்யும்போது துடைத்தால் மறுபடி அழுக்காகி விடாதா?

"அதெல்லாம் இல்ல தம்பி. மழைத்தண்ணி சுத்தமான தண்ணி. கண்ணாடியில ஏற்கெனவே மண்ணு உக்காந்திருக்கும் பாருங்க, அதான் கோடு போடும். நல்லாத் தொடச்ச கண்ணாடியில தூறல் விழுந்தா ஒண்ணும் ஆகாது."

யோசித்துப் பார்த்தால் சரிதான். தண்ணீர் ஆவியாகும்போது தன்னிடம் கரைந்திருக்கும் உப்பை விட்டுவிட்டுப் போகும். குழாய்த் தண்ணீரில் உப்பு உண்டு. மழைத்தண்ணீரில் மிகக் குறைவு. இங்கே சிக்கல் பாலைவனம்தான். மாதக் கணக்கில் மழையே இல்லாமல் தூசி மட்டும் படிந்துகொண்டே இருக்கும். காற்றிலும் தூசி தொங்கும். முதல் மழை அத்தனையையும் சேர்த்துக் குழைத்துக் கண்ணாடியில் பூசிவிட்டுப் போகிறது. இங்கிலாந்து மாதிரி வாரம் தவறாமல் தூறும் ஊர்களில் ஜன்னல் துடைப்பவர்கள் மழையிலேயே வேலை செய்வது சாதாரணம். "மழை பெய்யுது, நாளைக்கு வாங்க" என்று வீட்டுக்காரர் சொல்லி விடுவதுதான் அங்கே அவர்களுக்குத் தலைவலி.

சொல்லப்போனால் கண்ணாடிக்கு எதிரி வெயில்தான். கோடையில் கண்ணாடி சுடும். தேய்த்த சோப்புத் தண்ணீரை வைப்பர் போட்டு இழுப்பதற்குள் காய்ந்து திட்டுத்திட்டாகி விடும். அதனால் அதிகாலையிலேயே ஆரம்பித்து, வெயில் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக வேலையை நகர்த்திக்கொண்டு போவார்களாம்.

அந்த வைப்பருக்கும் ஒரு கதை உண்டு. பித்தளைப் பிடியில் ஒற்றை ரப்பர் பட்டை வைத்து, இன்று உலகம் முழுக்கப் புழங்கும் வடிவத்துக்கு 1936ல் காப்புரிமை வாங்கியவர் எட்டோரே ஸ்டெக்கோனே. இத்தாலியில் இருந்து பிழைப்புக்காக அமெரிக்கா போய், கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தவர். ஊர் விட்டு ஊர் போய்க் கண்ணாடி துடைத்த ஒருவர் தன் கைவலி குறைய யோசித்த கருவி அது. அன்று என் ஜன்னலில் முதுகுளத்தூர்க்காரர் கையில் இருந்ததும் அதன் வாரிசுதான்.

மனிதனுக்கு?

கண்ணாடிக்கு மழை ஆகாதது இல்லை. கயிற்றில் தொங்குகிறவருக்கு?

புர்ஜ் கலீஃபாவை எல்லோரும் உதாரணம் சொல்வார்கள். 828 மீட்டர் உயரம், 24,000க்கும் மேற்பட்ட கண்ணாடிகள். ஒரு சுற்று முழுக்கத் துடைத்து முடிக்க ஏறத்தாழ மூன்று மாதம். அங்கே கட்டடத்தோடு சேர்த்தே இயந்திரத் தொட்டில்கள் வைத்துத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பர் துபாயில் இருக்கும் பழைய ஏழு மாடி, பத்து மாடிக் கட்டடங்களில் அதெல்லாம் கிடையாது. மொட்டை மாடியில் கயிற்றைக் கட்டி இறங்க வேண்டியதுதான். முறைப்படி இரண்டு கயிறு இருக்க வேண்டும். ஒன்று வேலைக்கு. மற்றது, முதல் கயிறு விட்டுப்போனால் பிடித்துக்கொள்ள.

மழையில் என்ன ஆகும் என்று அவர் விரல் விட்டு எண்ணினார். மாடிச் சுவரின் விளிம்பு வழுக்கும். அதைத் தாண்டி வெளியே இறங்கும் அந்த ஒரு நிமிஷம்தான் எப்போதுமே பயம். நைலான் கயிறு நனைந்தால் பலம் கொஞ்சம் குறையும், நீளவும் செய்யும். இறங்கும் கருவியில் காய்ந்த கயிறு போகிற மாதிரி ஈரக் கயிறு போகாது. ஷூவின் அடியில் சோப்பும் மழையும் சேர்ந்தால் சுவரில் கால் நிற்காது. மழையோடு காற்று வந்தால் ஊஞ்சல்தான். "மின்னல் வெட்டுனா நாங்களே மேல ஏறிருவோம், யாரையும் கேக்க மாட்டோம்" என்றார்.

வெயிலுக்கு இங்கே சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும், ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது. மீறினால் ஒரு தொழிலாளிக்கு 5,000 திர்ஹாம் வீதம், அதிகபட்சம் 50,000 திர்ஹாம் வரை அபராதம். நல்ல சட்டம். கடிகாரத்தைப் பார்த்தாலே மீறினார்களா இல்லையா என்று தெரிந்து விடும்.

மழைக்கு அப்படி ஒரு மணிக்கணக்கு வைக்க முடியாது. எப்போது பெய்யும், எவ்வளவு பெய்யும் என்று சொல்ல முடியாத ஊர். 2024 ஏப்ரல் 16ஐ இங்கே இருப்பவர்கள் மறக்க மாட்டோம். துபாய் விமான நிலையத்தில் ஒரு வருஷத்துக்கே சராசரியாக 95 மில்லிமீட்டர்தான் பெய்யும். 24 மணி நேரத்தில் 142 மில்லிமீட்டர் கொட்டியது. அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் 254.8 மில்லிமீட்டர். 1949ல் பதிவுகள் தொடங்கியதில் இருந்து இந்த நாடு பார்க்காத மழை. பள்ளிக்கூடம் ஆன்லைனுக்குப் போனது. அரசு அலுவலகம் வீட்டுக்குப் போனது. நாமும் போனோம்.

"அப்ப கேம்ப்ல எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"மூணு நாள் பஸ்ஸே வரல தம்பி. நாலாம் நாள் பஸ் வந்துச்சு பாருங்க, அப்புறம் மூச்சு விட நேரமில்ல. ஊரு பூரா கண்ணாடி அழுக்கு."

அங்கேதான் நான் இன்னொரு விஷயத்தைப் புரிந்துகொண்டேன். நான் ஏதோ பெரிய நியாயஸ்தன் மாதிரி, "மழையில வேலை செய்யச் சொன்னா முடியாதுன்னு சொல்லுங்கண்ணே, நான் வேணா மேனேஜ்மென்ட்ல பேசவா?" என்று கேட்டேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்து விட்டார்.

"ஐயோ, அதைச் செஞ்சு வச்சிராதீங்க. மாசச் சம்பளம் பேங்க்ல வந்துரும், அதுல சாப்பாடும் போனும்தான். வீட்டுக்கு அனுப்புறது ஓ.டி. காசு. வேலை நின்னா ஓ.டி. நிக்கும். நிறுத்தச் சொல்றதா இருந்தா, காசோட நிறுத்தச் சொல்லுங்க."

நம்முடைய 'பெஞ்ச்', அவர்களுடைய மழை

ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு 'பெஞ்ச்' தெரியும். புராஜெக்ட் இல்லாத நாட்களில் சும்மா உட்கார்ந்திருப்போம். சம்பளம் வரும். "பெஞ்ச்ல போட்டுட்டாங்க" என்று புலம்புவோமே தவிர, அந்த மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பாமல் இருந்ததில்லை. வேலை இல்லாதது நம்முடைய தப்பு இல்லை, அதனால் சம்பளத்தைக் கம்பெனி கொடுக்கிறது. மழை பெய்வதும் கயிற்றில் தொங்குகிறவரின் தப்பு இல்லை. ஆனால் அந்த நாளின் நஷ்டத்தை அவரும் முதுகுளத்தூரில் இருக்கும் அவர் வீடும்தான் சுமக்கிறார்கள். அதனால்தான் தூறலில் "பரவால்ல, இறங்கிருவோம்" என்று அவர்களே சொல்கிறார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது துணிச்சல் மாதிரித் தெரியும். உள்ளே இருப்பது கணக்கு.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நான் சென்னையில் ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்த்தேன். தண்ணீர் வடிந்து அலுவலகம் திறந்தபோது, வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டு சேற்றைக் கழுவியவர்கள் ஒடிசாவில் இருந்தோ அசாமில் இருந்தோ வந்த பையன்கள். நாங்கள் உள்ளே இருந்து அவர்களோடு செல்ஃபி எடுத்தோம். ஊர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. இங்கே வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து தமிழ் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்று வந்தவர் தமிழராக இல்லாமல் நேபாளியாக இருந்திருந்தால் நான் ஜன்னலைத் திறந்திருப்பேனா? தெரியவில்லை.

நம்மால் என்ன செய்ய முடியும்? சட்டம் போடுகிற இடத்தில் நாம் இல்லை. ஆனால் கட்டடத்தைப் பராமரிக்க ஒப்பந்தம் போடுகிறவர்கள் நம் வாடகையில்தான் போடுகிறார்கள். அந்த ஒப்பந்தத்தில் 'வானிலை காரணமாக வேலை நிறுத்தப்படும் நாட்களுக்கும் கூலி உண்டு' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். இந்த ஊரில் மழை நாட்கள் வருஷத்துக்கு விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஒரு கட்டடத்துக்கு அது பெரிய செலவே இல்லை. வாடகைக்கு இருப்பவர் ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். பத்து பேர் கேட்டால் யோசிப்பார்கள். சொந்தமாக வீடு வாங்கியிருப்பவர்கள் கேட்டால் இன்னும் சீக்கிரம் யோசிப்பார்கள்.

இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்களுக்கு மழை என்றால் பள்ளி லீவு, வாடி பக்கம் காரில் ஒரு ரவுண்டு. தப்பில்லை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே தொங்குகிற மாமாவுக்கும் அவர்கள் வயதில் ஊரில் ஒரு பிள்ளை இருக்கும் என்பது தெரிந்திருக்கட்டும்.

நான் மேனேஜ்மென்டுக்கு ஒரு மெயில் எழுதினேன். 'பரிசீலிக்கிறோம்' என்று பதில் வந்திருக்கிறது. எங்கள் மாடியில் மூன்று வீட்டுக்காரர்களிடம் பேசியிருக்கிறேன், இருவர் தாங்களும் எழுதுவதாகச் சொன்னார்கள். அதற்குள் பெரிதாக ஏதும் நடந்து விடவில்லை.

அடுத்த மழைக்கு வழக்கம்போல் ஒருவர் சேறு வழிந்த தன் ஜன்னலைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். "எப்போது துடைப்பார்கள்?" நான் கீழே எழுதினேன்: "மழை விட்டு மாடி காயட்டும். கண்ணாடி எங்கேயும் போகாது."

இரண்டு கட்டைவிரல் விழுந்தது. அதில் ஒன்று நாத்தூருடையது.