சிறு சொல்லும் பெருங் கடமையும்

கண்டியிலிருந்து பேராதனை வழியாகக் கலகாவை அடைந்து, அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையிற் சென்றால் தெல்தோட்டை வரும். அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவரைத் தமிழுக்குத் தந்த மண் இது. இதன் அயலிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்திலேதான் 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டார். ஆயினும் நான் இங்கே சொல்லப் புகுவது தேயிலையின் கதையன்று. தேயிலையோடு இம்மலைகளில் ஏறிவந்த ஆங்கிலத்தைப் பற்றியது. அதிலும் அம்மொழியின் மிகச் சிறிய சொற்கள் சிலவற்றைப் பற்றியது.

வெள்ளைத் துரைமாருக்குத் தமிழ் கற்பிக்க அந்நாளிற் கைநூல்கள் அச்சாகின. அவற்றுள் ஒன்றின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும். பிரட்டுக் களத்தில் நின்று ஆணையிடுவோனுக்கு ‘வா’, ‘போ’, ‘வெட்டு’ என்னும் ஏவல் வினைகள் போதும். ‘வரலாமா’, ‘வரக்கூடுமா’, ‘வரவேண்டியதில்லை’ என்பனவெல்லாம் அவனுக்கு மிகை. ஆனால் ஆணையைக் கேட்டு நிற்போனின் நிலை வேறு. தனக்கு வந்த சொல் கட்டளையா, அனுமதியா, வெறும் ஊகமா என்று அறிந்தாலன்றி அவனால் ஓரடியும் எடுத்துவைக்க முடியாது. இதனை நான் இலக்கண நூலிலிருந்து கற்கவில்லை. ஒரு கடிதத்திலிருந்து கற்றேன்.

அது 1969ஆம் ஆண்டு. எனக்குப் பதின்மூன்று வயது. மலையகத் தமிழரின் வாழ்வு கடுதாசிகளிலே தொங்கிக்கொண்டிருந்த காலம். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், விண்ணப்பிக்க 2 ஆண்டுத் தவணையே தந்தது. 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதியோடு அத்தவணை முடிந்தது. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை கிடைத்தோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. பின்னர் 1964ஆம் ஆண்டில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மாந்தர் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு பிற்போடப்பட்டது. எந்தப் பங்கில் ஒரு குடும்பம் விழும் என்பதை லயத்தின் வாசலுக்கு வரும் நீண்ட தபாலுறைகளே சொல்லின.

அத்தகைய உறையொன்று எங்கள் பக்கத்துக் காம்பராவிலிருந்த மாமாவுக்கு வந்தது. உறவினர் அல்லர், ஆயினும் லயத்திலே எல்லோரும் மாமாவும் அத்தையுந்தாம். மூத்த மகளின் பிறப்புப் பதிவுப் பிரதியை ஓர் அலுவலகம் கேட்டிருந்தது. “தம்பி, நீ இங்கிலீசு படிக்கிற புள்ள. இத வாசிச்சுச் சொல்லுப்பா” என்று என்னிடம் நீட்டினார்.

நான் வாசித்தேன். பிரதி வந்து சேர ‘மஸ்ட்’ என்றிருந்தது. அதன் முடிவிலே ‘பை த ஃபிஃப்டீன்த்’ என்றிருந்தது. ‘மஸ்ட்’ என்றால் ‘வேண்டும்’ என்பதை அறிவேன். ‘பை’ என்பதையும் அறிவேன். ‘பை த ரிவர்’ என்றால் ஆற்றின் அருகே என்று பாடப் புத்தகத்திற் படித்திருந்தேன். ஆகவே தயக்கமின்றிச் சொன்னேன்: “பதினஞ்சாந் திகதிக்குக் கிட்டப் போய்ச் சேரணுமாம் மாமா.”

அவர் சம்பள நாள் வரை பொறுத்து, பதிவுப் பிரதிக்கும் தபாலுக்கும் காசு தேடி, 17ஆம் திகதி அனுப்பினார். தவணை தவறியதென்று கோவை பின்தள்ளப்பட்டது. மறுபடியும் மனு, மறுபடியும் சாட்சிக் கடிதம், நாட் கூலியை இழந்து நடந்த நடை என ஒன்றரை ஆண்டு கழிந்தபின்னரே அந்தக் கோவை மீண்டும் அசைந்தது.

என் பிழை யாது என்பதை நான் உணர்ந்தது மூன்றாண்டு கழித்து, ஒரு வகுப்பறையிலே. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வாக்கியத்தை எழுதினார். ‘ஹி மஸ்ட் பி அட் த பெக்டரி’ என்பது அது. பொருள் யாது என்று வினவினார். “அவர் தொழிற்சாலையில் இருக்கவேண்டும்” என்றோம். “அது கடமையா, ஊகமா?” என்றார். எவரும் விடை பகரவில்லை. உண்மையில் இரண்டுமாகலாம். தொழிற்சாலையில் விளக்கெரிவதைப் பார்த்து ‘அவர் உள்ளே இருக்கவேண்டும்’ என்று ஊகிக்கிறோம். அவருடைய வேலைமுறையைக் குறித்து ‘அவர் அங்கே இருக்கவேண்டும்’ என்றும் விதிக்கிறோம். நமது ‘வேண்டும்’ இரண்டுக்கும் இடந்தருவதுபோலவே ஆங்கிலத்து ‘மஸ்ட்’டும் தருகிறது. பின்னர் அவர் அவ்வாக்கியத்தின் இறுதியில் ‘பை ஸிக்ஸ்’ என்னும் இரு சொற்களைச் சேர்த்தார். அக்கணமே ஊகம் பின்வாங்கியது, கடமை முன்வந்தது. ‘ஆறு மணிக்குள் அவர் தொழிற்சாலையில் இருந்தாக வேண்டும்.’

காலத்தோடு வரும் ‘பை’ அருகைக் குறிப்பதன்று. எல்லையைக் குறிப்பது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. கூடவே இன்னொன்றும் விளங்கியது. ‘வேண்டும்’ என்று விதிப்பவன் ‘ஏறக்குறைய அந்நாளில்’ என்று தளர்த்திச் சொல்வானா? ‘மஸ்ட்’டின் கடுமையை நான் கவனித்திருந்தால், ‘பை’ இன்னதென்று அதுவே எனக்குக் காட்டியிருக்கும். இரு சொற்களையும் தனித்தனியே அறிந்திருந்தேன். அவை ஒன்றையொன்று பார்த்துப் பேசுவதை அறியவில்லை.

நம்மவர் இதிலே தடுமாறுவதற்கு மொழியமைப்பும் ஒரு காரணம். தமிழிலே இவ்வகை உறுப்புகள் சொல்லின் பின்னே ஒட்டிக்கொள்கின்றன. ‘மேசையில்’, ‘வெள்ளிக்குள்’, ‘மாலைவரை’ என்று உருபு பெயரைத் தொடர்கிறது. ‘வரலாம்’, ‘வரவேண்டும்’ என்று துணைவினையும் வினையைத் தொடர்கிறது. ஆங்கிலத்திலோ இரண்டும் முன்னே செல்கின்றன. அங்கே முன்னிடைச்சொல் பெயருக்கு வழிகாட்டுகிறது. துணைவினை முதன்மை வினைக்கு வழிகாட்டுகிறது. வாக்கியத்தின் ஒரு முனையில் ‘மஸ்ட்’டும் மறுமுனையில் ‘பை’யும் நிற்க, இடையிலே உள்ள பெரிய சொற்களில் நம் கண் மயங்கிவிடுகிறது.

சில இணைகளைக் காண்போம். ‘பை ஃபைவ்’ என்றால் ஐந்து மணிக்குள்; ‘அண்டில் ஃபைவ்’ என்றால் ஐந்து மணிவரை. ‘ஐந்து மணிக்குள் முடிக்கவேண்டும்’ என்பதில் வேலை எப்போது முடிந்தாலும் தகும், எல்லையைத் தாண்டலாகாது. ‘ஐந்து மணிவரை காத்திருக்கவேண்டும்’ என்பதிலோ நான்கரைக்கு எழுந்து போனாலும் குற்றம். ‘மஸ்ட்’ ஒன்றேதான், முன்னதிற் கடமை ஒரு புள்ளியில் முடிகிறது, பின்னதில் அது ஒரு கோடாக நீள்கிறது.

இனி ‘மே’ என்பதை எடுத்துக்கொள்வோம். ‘யூ மே ஸிட் ஒன் த பெஞ்ச்’ என்றால் வாங்கில் அமர அனுமதி. ‘இட் மே ரெய்ன் இன் தி ஈவினிங்’ என்றால் மாலையில் மழை வரக்கூடும் என்னும் ஊகம். மழைக்கு அனுமதி வழங்குவார் யாருமிலர். நமது ‘லாம்’ ஈறும் இப்படியே இரு வேலை செய்கிறது. ‘உட்காரலாம்’ என்பது அனுமதி. ‘மழை பெய்யலாம்’ என்பது ஊகம். ஆகவே இது நமக்குப் புதிதன்று, நம் வீட்டிலுள்ளதே.

ஓரிடத்தில் மட்டும் நம் பேச்சுத் தமிழே நம்மை ஏமாற்றும். ‘வரவேண்டாம்’ என்கிறோம். வருவது தடையா, வருவது தேவையில்லையா என்பது குரலிலிருந்துதான் தெரியும். ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரித்துவைத்திருக்கிறது. ‘மஸ்ட் நொட்’ என்றால் வரக்கூடாது. ‘நீட் நொட்’ என்றால் வரவேண்டிய அவசியமில்லை. இவற்றோடு ‘பிஃபோர் த தேர்ட்டியத்’ என்பது சேர்ந்தாலோ, முன்னதில் 30ஆம் திகதிக்கு முன் கதவு அடைபட்டிருக்கிறது. பின்னதிற் கதவு திறந்தேயிருக்கிறது, விரும்பினால் நுழையலாம். கடிதத்திலே குரல் இல்லை. ஆதலால் சொல்லைத்தான் நம்பவேண்டும்.

வகுப்பறையில் அன்று தெளிவு பெற்ற நான், அவ்வார இறுதியிலேயே மாமாவைத் தேடிச் சென்றேன். தவறு என்னுடையதென்று சொன்னேன். ‘கிட்ட’ அன்று, ‘உள்ளே’ என்று விளக்கினேன். அவர் வெற்றிலையை மடித்தபடியே சிறிது யோசித்தார். “பதினேழு பதினஞ்சுக்குக் கிட்டதானேப்பா? ரெண்டு நாளு கிட்ட இல்லியா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தாலே தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், இந்திய வம்சாவளியினருட் பிரசாவுரிமையின்றி எஞ்சியிருந்தோருக்கு அவ்வுரிமையை வழங்கியது. ஆனாலும் ஆங்கிலக் கடுதாசிகள் நின்றுவிடவில்லை. வங்கிக் கடன் பத்திரத்திலும், வெளிநாட்டு வேலை ஒப்பந்தத்திலும் அதே சிறு சொற்கள் இன்றும் அமர்ந்திருக்கின்றன.

ஓய்வு பெற்ற பின் எங்கள் வீட்டு விறாந்தையிலே சனிக்கிழமைதோறும் தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். முன்னிடைச்சொற்களை ஒரு பட்டியலாகவும் துணைவினைகளை வேறொரு பட்டியலாகவும் மனனஞ் செய்ய நான் விடுவதில்லை. ஒரு கடிதத்தைக் கொடுத்து, இரண்டு வட்டங்கள் போடச் சொல்கிறேன். கடமையா, அனுமதியா, ஊகமா என்று காட்டும் சொல்லுக்கு ஒரு வட்டம்; எப்போது, எங்கே, எதுவரை என்று காட்டும் சொல்லுக்கு மற்றொரு வட்டம். இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்த பின்னரே தமிழில் பொருள் சொல்லவேண்டும். சென்ற வாரம் ஒரு சிறுமி தன் தாயாருக்கு வந்த வங்கிக் கடிதத்தைக் கொண்டுவந்தாள். வட்டங்களைப் போட்டாள், கோட்டை இழுத்தாள். பின்னர் நாட்காட்டியைப் பார்த்து, “இன்னும் நாலு நாள் இருக்கு சேர். ஆனா திங்கட்கிழமையே போகச் சொல்றேன் அம்மாவ” என்றாள்.