தடுப்புப் பெப்டைடு

தடுப்புப் பெப்டைடு என்பது, ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள் ஒன்று குறித்த புரதத்தைத்தான் பற்றுகிறதா என்று சரிபார்க்க ஆய்வகங்களில் பயன்படும் செயற்கை அமினோ அமிலத் தொடர். பொதுவாக 10 முதல் 20 அமினோ அமிலங்கள் கொண்டது. எதிர்ப்பொருளை உண்டாக்க முயல் போன்ற விலங்குக்குச் செலுத்திய அதே துண்டே பெரும்பாலும் தடுப்பாகவும் பயன்படுகிறது. 1963-இல் புரூஸ் மெரிஃபீல்டு வெளியிட்ட திண்மநிலைத் தொகுப்பு முறை இத்தகைய துண்டுகளைத் தயாரிப்பதை எளிதாக்கியது. அதற்காக அவருக்கு 1984-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சோதனை எளியது. ஒரே எதிர்ப்பொருள் கரைசல் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒன்றில் மட்டும் பெப்டைடு மிகுதியாகச் சேர்க்கப்படும். எடையில் 5 மடங்கு சேர்த்தாலே, பெப்டைடு மிகச் சிறியது என்பதால், மூலக்கூறுகளின் எண்ணிக்கையில் அது பல நூறு மடங்காகிவிடும். எதிர்ப்பொருளின் பற்றுமிடங்கள் முன்கூட்டியே நிரம்பிவிடுகின்றன. பின்னர் இரு கரைசல்களும் ஒரே மாதிரியான இரு வெஸ்டர்ன் பிளாட் சவ்வுகளில் இடப்படும். பெப்டைடு சேர்த்த சவ்வில் மறையும் பட்டை, பற்றுமிடத்தின் வழியாக உண்டானது. மறையாத பட்டை வேறு எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டது. அதைக் கணக்கில் கொள்ளக்கூடாது. தொடர்பற்ற வேறொரு பெப்டைடையும் சேர்த்துப் பார்த்தால்தான் இச்சோதனை முழுமையாகும். பலர் இதைச் செய்வதில்லை.

பட்டை மறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் எதிர்ப்பொருளை நம்பிவிட முடியாது. அதே பற்றுமிடத்தால் ஒத்த அமைப்புள்ள வேறொரு புரதத்தைப் பற்றியிருந்தாலும் பட்டை மறையும். அந்தப் புரதத்தின் மரபணு நீக்கப்பட்ட செல்களில் சோதிப்பதே வலுவான சான்று. மடிந்த புரதத்தின் வடிவத்தை அறியும் எதிர்ப்பொருளைக் குறுந்துண்டு ஒன்றால் தடுக்க இயலாமலும் போகலாம்.

நோயாளியின் இரத்தத்தைச் சோதிக்கும்போது தடுப்புப் பெப்டைடு வழக்கமாகப் பயன்படுவதில்லை. ஆனால் 'இந்த நிறம் உண்மையானதா?' என்ற அதே கேள்வி அங்கும் உண்டு. எச்.ஐ.வி. சோதனைக் கருவிகள் பலவற்றில் வைரசின் உறைப் புரதத்தை ஒத்த செயற்கைப் பெப்டைடுகளே எதிர்ப்பொருளைப் பிடிக்கின்றன. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகளில் ஆறு, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் எலிசா சோதனையில் நிறம் மாறின. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. கண்டறிதல் அதுவே. ஆனாலும் அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் மூலம் அது உறுதிசெய்யப்பட்டது.

1928-இல் காசநோய்க்காகத் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியம், பின்னாளில் நாட்டின் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றாயிற்று. 2004 ஏப்ரலில் அரசின் இலவசக் கூட்டுமருந்துத் திட்டம் தொடங்கிய முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. வாழ்நாள் முழுவதும் உண்ண வேண்டிய மருந்தை ஒரே சோதனையின் நிறத்தை வைத்துத் தொடங்குவதில்லை. அறிகுறி இல்லாதவருக்குத் தொற்று உண்டு எனச் சொல்ல, வெவ்வேறு அடிப்படையில் இயங்கும் மூன்று சோதனைகளும் ஒத்துப்போக வேண்டும் என்பது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் நெறிமுறை.