கத்திரி வெயிலும் கலப்பினப் பசுவும்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் குன்றத்தூர்ப் பக்கம் மாடு வளர்ப்போர் வீடுகளில் ஒரு கவலை எழும். "தை மாதம் கறந்த அளவு இப்போது கறக்கவில்லையே!" தீவனம் வைக்கிறார்கள், நோயும் இல்லை. பின் பால் எங்கே போயிற்று?

மாணவ நண்பர்களே, பசுவை எரியும் அடுப்பாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலையும் புல்லையும் நொதிக்கச் செய்கின்றன. அப்போது வெப்பம் பிறக்கிறது. பால் சுரக்கும் வேலையிலும் வெப்பம் உண்டாகிறது. ஆகவே, அதிகம் கறக்கும் பசுவுக்குள் வெப்பமும் அதிகம். ஆனால் அதன் உடல் ஏறத்தாழ 38.5 டிகிரி சென்டிகிரேடிலேயே இருக்கவேண்டும். மிகுதி வெப்பத்தை வெளியேற்ற முடியாதபோது, பசு தீனியைக் குறைத்துக்கொள்கிறது. அடுப்பில் விறகைக் குறைப்பது போலத்தான் இது! தீனி குறைந்தால் பாலும் குறைகிறது.

ஜெர்சி, ஹோல்ஸ்டீன் பிரீசியன் இனங்கள் ஐரோப்பாவின் குளிர்ந்த பகுதிகளைச் சேர்ந்தவை. நிறையக் கறக்கும், ஆனால் வெயிலில் வாடும். நம் நாட்டு மாடுகளுக்குக் குட்டை மயிர், தொங்கும் அலைதாடி, நன்கு வேலை செய்யும் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. வெயிலைத் தாங்கும், பால் குறைவு. இரண்டின் நலனையும் ஒரே கன்றில் காணும் முயற்சியே கலப்பினம். கர்னாலிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம், தார் பாலைவனப் பகுதியின் தார்பார்க்கர் இனத்தை ஹோல்ஸ்டீன் பிரீசியனுடன் சேர்த்து 'கரன் பிரீஸ்' இனத்தை உருவாக்கியது. தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பும், மலைப்பகுதிக்குப் பிரீசியன் கலப்பும் ஏற்றவை எனக் கொள்ளப்பட்டன. அயல் இரத்தத்தை முக்காலுக்கு மேல் ஏற்றினால் பாலும் அவ்வாறே ஏறும் என்று எண்ணக்கூடாது. வெப்பம் தாங்கும் திறன் குறைந்துவிடும்.

வறண்ட வெயில், புழுக்கம் இவற்றில் எது கொடியது? ஆராய்ச்சியாளர்கள் வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்து ஒரு குறியீட்டெண் கணக்கிடுகிறார்கள். அது 72ஐத் தாண்டினால் கறவைப் பசுவுக்குத் தொல்லை தொடங்குகிறது. பாலைவனத்தில் 40 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் இருந்தால் எண் சுமார் 84. கடலோரச் சமவெளியில் 35 டிகிரியும் 65 சதவீதமும் இருந்தால் சுமார் 88! வெப்பம் குறைவு, துன்பமோ அதிகம். காரணம், ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. குன்றத்தூர் கடலுக்கு அதிகத் தொலைவில் இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகி, மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. மரநிழலில் நின்ற பசு தகரக் கூரையின்கீழ் கட்டப்பட்டால் அதன் வெப்பச் சுமை இன்னும் கூடும். கூரைமேல் தென்னங்கீற்று பரப்பலாம். எந்நேரமும் குளிர்ந்த நீர் வைக்கலாம். காலையிலும் இரவிலும் தீனியைக் கூட்டலாம். உடலை நனைத்தால் காற்றோட்டமும் வேண்டும். காற்றில்லாத கொட்டிலில் நனைப்பது புழுக்கத்தையே கூட்டும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, சற்றுத் தள்ளி நின்று, பசுவின் விலா ஒரு நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து தாழ்கிறது என்று காலையிலும் பிற்பகல் 2 மணிக்கும் எண்ணுங்கள். 60ஐத் தாண்டினால் பசு வெப்பத்தோடு போராடுகிறது என்று பொருள். பால் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடையும் அந்த மூச்சிலேயே இருக்கிறது.