தொட்டி நீர் பச்சையாவது ஏன்?

கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டி, அல்லி வைத்து, மீன் விட்டிருக்கும் சகோதரிகள் பலர் கூறும் குறை ஒன்றே: சில வாரங்களில் நீர் பச்சையாகிவிடுகிறது. தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்பினாலும் மீண்டும் பச்சை!

பாசி அழுக்கன்று, வெயிலையும் உரத்தையும் கொண்டு வளரும் உயிர். உரமிடுபவர் நாமே. மீன் தின்னாத இரையும் அதன் கழிவும் அம்மோனியாவாகின்றன. அது மீனுக்கு நஞ்சு. நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தொட்டியைத் தேய்த்துக் கழுவுகையில் இந்த ஊழியர்களையும் வெளியேற்றிவிடுகிறோம்.

வடிகட்டி என்பது இவர்களுக்கான வீடு. பீப்பாயில் சரளைக்கல் நிரப்பி, மேலே நுரைப்பஞ்சு இட்டு, 2 மணி நேரத்திற்கு ஒருமுறை தொட்டி நீர் முழுவதும் அதன்வழியே சுழலுமாறு சிறு பம்பு பொருத்துக. இரவிலும் அது ஓடவேண்டும். நுண்ணுயிர்கள் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். பஞ்சைத் தொட்டி நீரிலேயே அலசுக. குழாய்நீரின் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும்.

எஞ்சும் நைட்ரேட்டும் பாசிக்கு உணவே. அல்லி இலைகள் நீர்ப்பரப்பில் பாதியையேனும் மூடினால், அதனை உறிஞ்சி நிழலும் தரும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுக. மீனுக்கு 5 நிமிடத்தில் தின்று தீர்க்குமளவே இரை போதும். (பிள்ளைகள் எறியும் சோறும் கணக்கில் சேரும்!)

மயில்துத்தம் கரைத்தால் பாசி விரைவில் மடியும் என்பது மெய்யே. ஆனால் அதிலுள்ள செம்பு மீனுக்கும் நஞ்சு. மேலும், மடிந்த பாசி அழுகுகையில் நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும். விடியற்காலையில் மீன்கள் செத்து மிதக்கும்.