மதுரையில் தாளிப்பு வடகம் எங்கே கிடைக்கும்?

சின்ன வெங்காயம் விலை விழுந்து கிடக்கிற நாள்ல ரெண்டு கேள்வி காதுல விழும். ஊர்ப் பக்கம், "பட்டறையில வெங்காயம் அழுகுதுங்க, என்ன செய்யலாம்?" நகரத்துப் பக்கம், "மதுரையில நல்ல தாளிப்பு வடகம் எங்கேங்க வாங்கலாம்?" கேட்கிற ரெண்டு பேருக்கும் நடுவுல இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனா ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டதே இல்லை.

இரண்டாவது கேள்வியை முதல்ல எடுத்துக்குவோம். கடையில போய் "வடகம் குடுங்க"ன்னு கேட்டா மதுரையில பெரும்பாலும் அரிசிக் கூழ் வடகமோ ஜவ்வரிசி வடகமோதான் கைக்கு வரும். அது எண்ணெயில பொரிச்சுச் சாப்பிடுறது. நாம கேட்கிறது தாளிக்கிற வடகம். சின்ன வெங்காயத்தை இடிச்சு, பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம் சேர்த்துப் புளிக்க வைச்சு, வெயில்ல காய வைச்சு உருண்டை பிடிச்சது. தஞ்சாவூர், புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் இது இல்லாத அடுக்களை குறைவு. கீரைக் கூட்டு, வத்தக்குழம்பு, மீன் குழம்பு எதுவானாலும் கடுகுக்குப் பதிலா இதுல ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டாப் போதும், தெரு முழுக்க மணக்கும். வறுத்து அரைச்சா துவையல். எனவே கடையில "தாளிக்கிற உருண்டை வடகம்"னு விளக்கமாவே கேளுங்க.

இது ஏன் நல்லதாக் கிடைக்கிறதில்லைன்னு தெரியணும்னா எப்படிச் செய்யறாங்கன்னு தெரியணும். நம்ம வீட்டுக் கணக்கைச் சொல்றேன். சின்ன வெங்காயம் 5 கிலோ, பூண்டு அரை கிலோ, தொலி உளுந்து அரை கிலோ, கடுகு 200 கிராம், சீரகம் 100 கிராம், வெந்தயம் 100 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், கல்லுப்பு கால் கிலோ, கறிவேப்பிலை ரெண்டு கைப்பிடி. வெங்காயத்தையும் பூண்டையும் உரல்ல ஒண்ணும் பாதியுமா இடிக்கணும். மிக்ஸியில போட்டு மைய அரைச்சா வடகம் இல்லை, சட்னி. எல்லாத்தையும் பிசைஞ்சு மண்பானையில போட்டு வாயை வேட்டித் துணியால கட்டி ராத்திரி வைக்கணும். மறுநாள் காலையில முறத்திலயோ பனையோலைப் பாயிலயோ பரப்பி வெயில். சாயங்காலம் அள்ளி, பானையில ஊறி நிக்கிற சாறுலயே திரும்பப் போட்டுப் பிசைஞ்சு மூடணும். பகல்ல காயுது, ராத்திரி புளிக்குது. நாலஞ்சு நாள்ல சாறு வத்திடும். அதுக்குப் பிறகு உருண்டை பிடிச்சு, விளக்கெண்ணெய் தொட்டுத் தொட்டு உருட்டி, இன்னும் ஒரு வாரம் பத்து நாள் காயணும். மஞ்சளா இருந்தது பழுப்பாகி, கருப்புக்குப் பக்கத்துல வரும். 5 கிலோ வெங்காயம் போட்டா கடைசியில ரெண்டேகால் கிலோ வடகத்தை ஒட்டித்தான் நிக்கும். வெங்காயத்துல பெரும்பகுதி தண்ணிதானே.

இப்ப யோசிச்சுப் பாருங்க. ரெண்டு வாரம், அதுவும் பங்குனி, சித்திரை, வைகாசி வெயில் வேணும். தினமும் காலையும் மாலையும் ஒரு ஆள் கை வைக்கணும். வருசம் பூரா பாக்கெட் போட்டு அடுக்குற வியாபாரத்துக்கு இது ஒத்து வராது. அதனால குறுக்கு வழி வருது. வெங்காயத்தைக் குறைச்சு உளுந்தையும் கடுகையும் கூட்டுறது. பெரிய வெங்காயத்துல போடுறது. புளிக்க விடாம உலர்த்தியில ஒரே மூச்சுல காய வைக்கிறது. காய்ஞ்ச வெங்காயமும் வடகமும் ஒண்ணு இல்லை.

வாங்கும்போது ஒரு உருண்டையை உடைச்சுப் பாருங்க. உள்ளே வெங்காயச் சருகு இழை இழையாத் தெரியணும், உளுந்தும் கடுகும் அதுல சிக்கின மாதிரி இருக்கணும். வெறும் பருப்பாவே உதிர்ந்தா வேண்டாம். வெளிர் மஞ்சளா இருந்தா சரியாப் புளிக்கலைன்னு அர்த்தம். நடுவுல ஈரமா, வெள்ளையாவோ பச்சையாவோ பூத்திருந்தா தூர வைச்சிடுங்க. பூஞ்சணத்தைத் தட்டிட்டுப் பயன்படுத்தலாம்னு யாரு சொன்னாலும் கேட்காதீங்க. கடைசிச் சோதனை அடுப்புல. சூடான எண்ணெயில போட்டதும் புளிப்பும் பூண்டுமாச் சேர்ந்த ஒரு வாசம் குப்புனு கிளம்பணும். வெறும் பெருங்காய வாசம் வந்தா ஏமாந்தீங்க.

சரி, எங்கே வாங்கறது? மதுரையில பலசரக்குன்னா கீழமாசி வீதி. அங்கே கேட்டா சில கடையில இருக்கும். ஆனா அது எந்த வருசத்துச் சரக்கு, யார் போட்டதுன்னு கேட்டுப் பதில் வாங்குறது கஷ்டம். மகளிர் குழுக்களோட பொருள் விற்கிற பூமாலை வணிக வளாகத்துல விசாரிக்கலாம். அங்கே செய்தவங்க ஊரும் குழுவும் பொட்டலத்துலயே இருக்கும். இயற்கை அங்காடிகள்ல கோடை முடிஞ்சு ஆனி, ஆடியில கேளுங்க. அப்ப இருக்கிறது புதுசு.

எனக்குப் பிடிச்ச வழி உழவர் சந்தை. தமிழ்நாட்டுல முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்னைக்கு மதுரை அண்ணா நகர்லதான் திறந்தாங்க. அங்கே வடகத்தை அடுக்கி வைச்சிருப்பாங்கன்னு நான் சொல்லலை. அது காய்கறிச் சந்தை. ஆனா சின்ன வெங்காயம் கொண்டு வர்ற அம்மாகிட்ட ரெண்டு வாரம் தொடர்ந்து வாங்கிட்டு, "வடகம் போடுவீங்களாம்மா?"ன்னு கேட்டுப் பாருங்க. போடுறவங்க இருப்பாங்க, இல்லைன்னா போடுற மதினி, நாத்தனார் யாராவது இருப்பாங்க. மாசி கடைசியில சொல்லி வைச்சு, பாதிப் பணம் கொடுத்துட்டா வைகாசியில வடகம் வீட்டுக்கு வரும். நல்ல வடகம் கடையில இருக்கிற பொருள் இல்லை, சொல்லி வைச்சு வாங்குற பொருள்.

வெளிநாட்டுல இந்த மாதிரிப் பொருளுக்கு என்ன நடக்குதுன்னு ஒரு பார்வை. ஜப்பான்ல மிசோன்னு ஒரு விழுது உண்டு. சோயாவையும் உப்பையும், அரிசியிலோ வாற்கோதுமையிலோ சோயாவிலேயோ வளர்த்த ஒரு வகைப் பூஞ்சணத்தையும் சேர்த்து மாசக்கணக்குல புளிக்க வைக்கிறது. ஒகசாகி ஊர்ல ஹட்சோ மிசோ போடுறவங்க பெரிய மரத் தொட்டியில அடைச்சு மேலே கல்லை அடுக்கி ரெண்டு வருசத்துக்கு மேல விடுறாங்க. இன்னைக்குப் பாரிஸ்லயோ பெர்லின்லயோ மிசோ வேணும்னா ஆசியக் கடைக்குத்தான் போகணும்னு இல்லை, இயற்கை உணவுக் கடையிலயே கிடைக்கும். பல வருசம் முந்தி அங்கே மிசோவைப் பழக்கினதுல அந்தக் கடைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனா 2017-ல ஹட்சோ மிசோங்கிற பேருக்கு ஜப்பான் அரசு புவிசார் குறியீடு கொடுத்தப்ப, அந்த மாகாணத்து மத்த தயாரிப்பாளர்கள் சங்கத்துக்குக் கொடுத்தாங்க. ஒகசாகியில தலைமுறை தலைமுறையாச் செய்யுற ரெண்டு பழைய நிறுவனமும் அந்தப் பட்டியல்ல இல்லை.

நம்ம வடகமும் ஐரோப்பா போயிருக்கு. புதுச்சேரி வழியா பிரான்சுக்குப் போய் அங்கே 'வடுவான்' ஆயிடுச்சு. பிரெஞ்சு சமையல்காரங்க விரும்பிப் போடுற மசாலா. உருண்டை கிடையாது, உதிரியா, அதோட கறிப்பொடியும் கலந்து, சின்னச் சின்ன டப்பாவுல நல்ல விலைக்கு. அங்கே ஒரு டப்பா விக்கிற நேரத்துல இங்கே திண்டுக்கல் வெங்காயப்பேட்டையில நம்ம ஆளு லாரி வாடகைக்குக்கூடத் தேறலைன்னு மூட்டையோட நிக்கிறாரு.

இப்ப முதல் கேள்விக்கு வருவோம், பட்டறையில வெங்காயம் வைச்சிருக்கிற உழவருக்கு. எல்லா வெங்காயத்தையும் வடகமாக்க முடியாது, ஆசைப்படவும் வேண்டாம். விலை போகாத பொடி வெங்காயம்தான் இதுக்கு ஏத்தது. ஆனா அழுகல் ஒண்ணுகூடச் சேரக்கூடாது. தோல் உரிக்கிற கூலிதான் பெரிய செலவு, அதை முதல்லயே கணக்குல எழுதுங்க. ஒரு கிலோ வடகத்துக்கு ரெண்டேகால் கிலோ வெங்காயம். மத்த சரக்கு, உரிக்கிற கூலி, ரெண்டு வாரக் கைவேலை எல்லாம் கூட்டிட்டு விலை வைங்க. கீழமாசி வீதி விலையைப் பார்த்து வைச்சா நட்டம்தான்.

மழைக்குப் பயந்துக்கணும். மூணு வருசத்துக்கு முன்னால சித்திரையில ரெண்டு நாள் இடி மழை. மூணாம் நாள் வெயில் வந்துடும்னு பானையைத் திறக்காம விட்டேன். பத்து கிலோ வெங்காயமும் எருக்குழிக்குப் போச்சு. மேகம் கட்டினா கொஞ்சம் உப்புக் கூட்டி, வீட்டுக்குள்ள பரப்பி மின்விசிறி போட்டுக் காப்பாத்திடலாம். சூரிய உலர்த்தி வைச்சிருக்கிறவங்க அதைக் கடைசி வாரத்துக்கு வைச்சுக்கோங்க. முதல் நாளே உள்ளே தள்ளினா புளிக்கிறதுக்கு முன்னாலயே காய்ஞ்சுடும்.

அட்டையில எழுதுறதுல நேர்மையா இருங்க. வெங்காயமும் உளுந்தும் கறிவேப்பிலையும் நம்ம நிலத்துது. கடுகும் சீரகமும் வடக்கேயிருந்து வர்ற கடைச்சரக்கு. அதை அப்படியே எழுதுங்க. எல்லாம் இயற்கைன்னு ஒரே வரியில அடிச்சு விடாதீங்க. பங்கேற்புச் சான்று இருக்கிற விளைபொருளுக்கு மட்டும் அதைச் சொல்லுங்க. கறிவேப்பிலையைக் கட்டாயம் சொந்த மரத்துல இருந்து எடுங்க. சந்தைக்கு வர்ற இலைக்கு எவ்வளவு மருந்து அடிக்கிறாங்கன்னு வளர்க்கிறவங்களுக்கே தெரியும். பொட்டலம் போட்டு விக்கிறதா இருந்தா உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேணும். சிறு தயாரிப்பாளர் பதிவுன்னு கேட்டு இணையத்துலயே வாங்கலாம்.

விளக்கெண்ணெய் மட்டும் பூஜைக்கு விக்கிறதை வாங்கிடாதீங்க, சமையலுக்கு ஆனதான்னு கேட்டு வாங்குங்க. வரப்போரம் நாலு ஆமணக்கு நட்டா அந்தக் கவலையும் இல்லை. போட்டு முடிச்ச வடகத்தை மண்பானையில வைச்சு, மாசம் ஒரு தடவை வெயில் காட்டினா அடுத்த கோடை வரைக்கும் கெடாது. மாசி பிறக்கும்போது யார் யாருக்கு எத்தனை கிலோன்னு ஒரு நோட்டுல பேர் எழுத ஆரம்பிச்சிடுங்க. அந்த அளவுக்கு மட்டும் வெங்காயத்தைப் பட்டறையில இருந்து எடுத்து வைச்சாப் போதும்.