தலைமுடிக்குச் சாயம் அடிக்கும் முன்



ஆவணியிலும் தையிலும் ஊரெங்கும் கல்யாணம். பங்குனியில் குமாரகோவில் திருக்கல்யாணம். இப்படி ஒரு நல்ல நாள் வந்தால், அதற்கு முந்திய சாயங்காலம் பல வீடுகளில் ஒரு பேச்சு நடக்கும். “ஏங்க, தலையெல்லாம் வெளுத்துப் போச்சு. நாளைக்கு நாலு பேரு முன்னால இப்பிடியா வருவீங்க?” உடனே தக்கலைச் சந்தைப் பக்கம் போய் ஒரு பாக்கெட் சாயம் வாங்கி, ராத்திரியே கலக்கி, மறுநாள் காலையில் கறுத்த தலையோடு பஸ் ஏறிவிடுகிறோம். டை அடிப்பது தப்பு என்று சொல்ல இதை எழுதவில்லை. அவசரமாக அடிப்பதுதான் தப்பு. அது ஏன் என்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் ஒன்று. நரை ஒரு நோயல்ல. முடியின் வேரில் கறுப்பு நிறத்தை உண்டாக்கும் நுண்ணிய அணுக்கள் இருக்கின்றன. வயது ஏற ஏற அவை ஓய்ந்து போகின்றன. அப்போது முளைக்கும் முடி வெள்ளையாகவே வெளிவருகிறது. எந்த வயதில் இது தொடங்கும் என்பது பெரும்பாலும் அப்பா அம்மா வழியாக வருவது. 25 வயதுக்கு முன்பே நிறைய நரைத்தால் மட்டும் டாக்டரிடம் காட்ட வேண்டும். ரத்தத்தில் பி12 என்ற வைட்டமின் குறைவு, தொண்டையில் உள்ள தைராய்டு சுரப்பியின் கோளாறு இவற்றாலும் இளநரை வரலாம். பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்குச் சீக்கிரம் நரைப்பதும் உண்டு. ஒரு நரையைப் பிடுங்கினால் பத்து முளைக்கும் என்பது வெறும் பேச்சு. எந்த எண்ணெயும் வெளுத்த முடியைத் திரும்பக் கறுப்பாக்காது. வெளிச்செண்ணெய் முடி உடையாமல் காக்கும், அவ்வளவுதான். அதுவே நல்ல வேலைதானே!

பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது?

கடையில் விற்கும் கறுப்புச் சாயங்களில் பெரும்பாலானவற்றில் பாரா ஃபினைலீன் டையமின் என்ற ரசாயனம் உண்டு. சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். காற்றோடும் பெராக்சைடோடும் சேரும்போது இது கறுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய ரசாயன அறிஞர்கள் இதைக் கண்டார்கள். 1907ஆம் ஆண்டு பிரான்சில் யூஜின் ஷூலர் என்பவர் இந்த வகைச் சாயத்தை வியாபாரத்துக்குக் கொண்டுவந்தார். நூறு வருஷத்துக்கு மேலாகியும் இதற்கு ஈடாக நன்றாகக் கறுக்கும் வேறு பொருள் எளிதில் கிடைக்கவில்லை. அதனால்தான் இன்றும் இதுவே ஓடுகிறது.

இந்த ரசாயனம் சிலருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. “நான் பத்து வருஷமா அடிக்கேன், எனக்கு ஒண்ணும் செய்யல்ல” என்று சொல்பவர்கள்தான் கவனமாகக் கேட்க வேண்டும். ஒவ்வாமை முதல் தடவையிலேயே வரவேண்டும் என்பதில்லை. பல தடவை பட்ட பிறகு, உடம்பு அதை எதிரியாக அடையாளம் கண்டுகொண்டு, ஒருநாள் திடீரென்று பொங்கும். அதன் பிறகு ஆயுசு முழுக்க அந்தப் பொருள் ஆகாது. அடுத்த தடவை இன்னும் கடுமையாக வரும்.

எப்படித் தெரியும்? சாயம் அடித்த அன்றைக்கோ, இரண்டு மூன்று நாள் கழித்தோ, காது ஓரம், நெற்றி, பிடரி எல்லாம் சொறியும், சிவக்கும், நீர் வடியும். கண் இமை வீங்கி மூடிக்கொள்ளும். சிலருக்குச் சாயம் பட்ட இடத்தில் தோல் வெள்ளைத் திட்டாக மாறுவதும் உண்டு. மூன்று நாள் கழித்து வருவதால் பலர் சாயத்தைச் சந்தேகப்படுவதில்லை. கல்யாணச் சாப்பாட்டின் மேல் பழி போடுகிறார்கள்!

ஆகவே ஒவ்வொரு தடவையும் முன்கூட்டிச் சோதித்துப் பாருங்கள். காதின் பின்புறத்தையோ முழங்கையின் உள்மடிப்பையோ கழுவித் துடைத்து, பாக்கெட்டில் சொன்னபடி சிறிது கலக்கி, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தடவுங்கள். குறைந்தது 24 மணி நேரம், கூடுமானால் 48 மணி நேரம் பாருங்கள். சொறி, சிவப்பு, எரிச்சல் ஏதாவது வந்தால் உடனே கழுவிவிட்டு அந்தப் பாக்கெட்டை மறந்துவிடுங்கள். இந்தச் சோதனையைப் பற்றியும், புருவத்திலும் கண் இமை முடியிலும் தடவினால் பார்வை போகலாம் என்றும் பாக்கெட்டின் மேல் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். எழுத்து பொடியாக இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை விசேஷமானால் வியாழக்கிழமையே சோதனை வைத்துவிட வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மருதாணி என்றால் பயமில்லையா?

வேலியில் நிற்கும் மருதாணி இலையைப் பறித்து அரைத்தால் சிவப்புதான் வரும். நரைத்த முடியில் செம்பட்டையாகத் தெரியும். அதன்மேல் அவுரி இலைப் பொடியைக் குழைத்துப் பல மணி நேரம் வைத்தால் கறுப்பு நிறம் ஏறும். நம் பாட்டிமார் செய்த வழி இது. நேரம் பிடிக்கும், உள்ளங்கையெல்லாம் கறை, ஆனாலும் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. எனவே ஒரு விதியை மனதில் வையுங்கள். பச்சிலை மட்டும் உள்ள எதுவும் பத்து நிமிஷத்தில் கன்னங்கரேல் என்று கறுக்காது. “கறுப்பு மருதாணி”, “மூலிகைச் சாயம்” என்று படம் போட்டு விற்று, உடனே கறுக்குமானால், அதற்குள் பி.பி.டி. கலந்திருக்கிறது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். “அமோனியா இல்லை” என்று எழுதியிருப்பதால் பி.பி.டி. இல்லை என்று ஆகாது. திருவிழாக்கடையில் பிள்ளைகளின் கையில் கறுப்பாகப் படம் வரைகிறார்களே, அதுவும் வேண்டாம். பிறந்த குழந்தைக்கு அசல் மருதாணிகூட வைக்காதீர்கள். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உள்ள ஒரு ரத்தக் குறைபாட்டினால், மருதாணி தோல் வழியே போய் ரத்த அணுக்களை உடைத்துவிடும்.

அடிக்கும் விதம்

சோதனையில் ஒன்றும் வரவில்லையா? சரி, அடியுங்கள். தலையில் புண், சொறி, சிராய்ப்பு இருந்தால் அது ஆறட்டும். கையுறை கட்டாயம். அண்டி ஆபீசில் பருப்பு உடைக்கும் பெண்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தோட்டண்டியின் எண்ணெய் பட்டுத் தோல் வெந்து உரிந்த கையில் சாயம் பட்டால் உள்ளே எளிதாக இறங்கும். முடிவெட்டும் கடையில் தினமும் பத்துப் பேருக்கு அடித்துவிடும் தொழிலாளியும் கையுறை போடட்டும். உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், ஆண்டுக்கணக்கில் சாயத்தோடு வேலை செய்பவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து இருக்கக்கூடும் என்று சொல்லியிருக்கிறது. வீட்டில் எப்போதாவது அடிப்பவர்களைப் பற்றி அப்படி முடிவு சொல்லவில்லை.

முடியின் ஓரத்தில் வெளிச்செண்ணெய் பூசிக்கொண்டால் தோலில் கறை பிடிக்காது. காற்றோட்டமான முற்றத்தில் உட்கார்ந்து, பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு மேல் வைக்காமல், நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். கண்ணில் தெறித்தால் விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பின்னந்தலைக்குக் கணவர் மனைவிக்கும் மனைவி கணவருக்கும் உதவலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால் மூன்று நான்கு வாரத்தில் அடியில் வெள்ளை தெரியத்தான் செய்யும். அதற்காக வாராவாரம் தலை முழுவதும் அடிக்க வேண்டாம். வேர்ப்பக்கம் மட்டும் தொட்டால் போதும்.

கர்ப்பிணிகள் அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். தலைத்தோல் வழியாக உடம்புக்குள் போவது மிகக் குறைவு. என்றாலும் முதல் மூன்று மாதம் தள்ளிப்போடுவது நல்லது என்றுதான் டாக்டர்கள் சொல்வது வழக்கம். குழந்தை பிறக்கும் வரைக்கும் மாமியார் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதுவும் ஒரு உதவி.

முடி கொட்டுது, என்ன செய்ய?

ஒருநாளில் நூறு முடி வரை உதிர்வது இயல்பு. தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் இருக்கிறது, கவலை வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு இரண்டு மாதத்திலிருந்து நான்கு மாதத்துக்குள் கொத்துக் கொத்தாகச் சீப்பில் வரும். பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்குவதால் முடி கொட்டுகிறது என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். உண்மையில், கர்ப்பகாலத்தில் உதிராமல் நின்ற முடியெல்லாம் இப்போது சேர்ந்து உதிர்கிறது. குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். விலை கூடிய எண்ணெய் வாங்கிக் கடன்பட வேண்டாம்.

அதற்கு மேலும் நிற்காமல் கொட்டினால், அல்லது களைப்பு, மூச்சு வாங்கல், முகம் வெளிறல், மாதவிலக்கில் அதிகப் போக்கு இவை சேர்ந்திருந்தால், ரத்தசோகை இருக்கலாம். கணவர்மார்களே, மனைவியின் முடி கொட்டுகிறதென்று கேலி செய்யாமல் துணை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ரத்தம் பாருங்கள். கர்ப்பகாலத்தில் 180 நாளும் பிரசவத்துக்குப் பின் 180 நாளும் சாப்பிட இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதை அலமாரியில் சேர்த்து வைப்பவர்கள் பலர். மாத்திரை சாப்பிட்டதும் சாயா குடித்தால் சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் போகட்டும். வெறும் மரச்சீனியில் வயிறு நிறையும், முடிக்கு வேண்டிய புரதம் வராது. கூட சாளை மீனோ, பயறோ, முட்டையோ இருக்கட்டும்.

குடும்பநல ஆபரேஷன் செய்தால் முடி நரைக்கும், கொட்டும் என்று சொல்வது பொய். குழாயைக் கட்டுவதற்கும் தலைமுடிக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. கருத்தடை மாத்திரையை நிறுத்திய சில வாரங்களில் சிலருக்குக் கொஞ்சம் முடி உதிரலாம், தானாகவே சரியாகிவிடும். முடிக்குப் பயந்து நீங்களாகவே மாத்திரையை விட்டுவிடாதீர்கள். செவிலியரிடம் கேளுங்கள், வேறு வழியும் உண்டு. போர் தண்ணீரின் உப்பால் முடி முரடாகும், உடையும், ஆனால் வேரோடு கொட்டாது. காசு அளவில் வட்டமாக முடி போகும் புழுவெட்டில் புழு எதுவும் இல்லை. அதற்குத் தோல் டாக்டர் உண்டு. பேனுக்கு மண்ணெண்ணெய் தடவுவது தீயோடு விளையாட்டு, மருந்துக் கடையில் பேன் மருந்து இருக்கிறது.

மீதிச் சாயம் எங்கே?

சாயம் தலையில் பட்டால் வரும் தொல்லையைப் பார்த்தோம். வயிற்றுக்குள் போனால் அது உயிர்ப்பிரச்சினை. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த விஷம் புதிதல்ல. சில மணி நேரத்தில் முகமும் கழுத்தும் நாக்கும் வீங்கி மூச்சுக்குழல் அடைபடும். பிறகு தசைகள் சிதைந்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போய், சிறுநீரகம் நின்றுவிடலாம். இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. மூச்சுக்கு வழிசெய்து, நரம்பில் நீர் ஏற்றி, சிறுநீரகத்தைக் காப்பதுதான் வைத்தியம். அதனால் நேரம்தான் மருந்து.

யாராவது, பெரியவரானாலும் குழந்தையானாலும், ஒரு வாய் குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே 108ஐக் கூப்பிடுங்கள். புளிக்கரைசல், உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் எதுவும் புகட்டாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அப்போதைக்கு நன்றாக இருக்கிறாரே என்று வீட்டில் வைத்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தக்கலையில் உள்ள பத்மநாபபுரம் அரசு மருத்துவமனைக்கோ, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுபோகும்போது சாயப் பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கலக்கிய மீதியைக் கோப்பையிலும் டம்ளரிலும் திண்ணையில் விட்டுவிட்டுக் குளிக்கப் போவது நம் வழக்கம். அன்றன்றைக்குக் கலக்கியதை அன்றே, பிள்ளைகள் எட்டாத இடத்தில் கொட்டிக் கழுவுங்கள். வேண்டிய ஒரு பாக்கெட்டுக்கு மேல் வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள். இருப்பதையும் பூச்சிமருந்தைப் போலவே பூட்டி, சாவியை ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மனஸ்தாபம், கடன், குடி என்று யாருடைய மனதாவது தளர்ந்திருக்கும் நாட்களில் பாக்கெட்டை வீட்டைவிட்டே அப்புறப்படுத்திவிட்டு, அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 104க்கோ 14416க்கோ பகலிலும் ராத்திரியிலும் போன் பண்ணலாம், காசு கிடையாது.