பழைய ஜீப்பை இறக்கத்தில் சோதித்து வாங்க வேண்டும்

நீலகிரி மாவட்டம் குந்தா வட்டத்தில் பிக்கட்டி, மஞ்சூர், கிண்ணக்கொரை சுற்றுப்புறங்களில் சிறு விவசாயிகளின் தேயிலைத் தோட்டங்கள் பல, தார்ச்சாலையை விட்டு விலகிச் சரிவுகளில் அமைந்துள்ளன. பறித்த கொழுந்து அன்றைக்கே தொழிற்சாலை சேர வேண்டும். சாக்கில் இறுக்கி அடைத்து நிறுத்தி வைத்தால் தானே சூடேறிச் சிவந்து தரம் கெட்டுவிடும். தென்மேற்குப் பருவமழையில் மண் பாதை சேறாகிவிட்டால் சாதாரண வண்டி தோட்டத்திற்கு வருவதில்லை. அப்பொழுதுதான், விலைக்கு வரும் பழைய ‘போர் வீல்’ ஜீப் ஒன்றின் மீது கண் போகிறது.

விலை கேட்குமுன் தேவையைக் கணக்கிடுதல் நல்லது. நான்கு சக்கரங்களும் இழுத்தால்தான் ஆகும் என்ற நிலை ஆண்டில் எத்தனை நாள் ஏற்படுகிறது? இருபது, முப்பது நாட்கள்தான் என்றால் அந்த நாட்களில் அக்கம்பக்கத்து ஜீப்பை வாடகைக்குப் பிடிப்பதே மலிவு. பாதையில் மோசமான ஐம்பது அடி தூரத்திற்குக் கல் பரப்பி, ஓரத்தில் நீர் வடிய வாய்க்கால் வெட்டினால் ஜீப்பே தேவைப்படாமலும் போகலாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்ததே, அத்தகைய மழையில் சாலையே சரிந்துவிடும்போது எந்த ஜீப்பும் உதவாது. ஆண்டில் பாதி நாள் சேற்றிலும் சரிவிலும் கொழுந்தும் உரமும் காய்கறி மூட்டையும் ஏற்றி இறக்க வேண்டியவருக்கே இவ்வண்டி பயன் தரும்.

ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரை நம்ப வேண்டியதில்லை. பழைய மீட்டர்கள் பலவற்றில் ஐந்து இலக்கங்கள்தான். 99,999 கடந்ததும் மீண்டும் பூஜ்யம். மீட்டர் சரியாக இருந்தாலும் மலை வண்டியின் கிலோமீட்டர் வேறு, சமவெளி வண்டியின் கிலோமீட்டர் வேறு. முதல் கியரில் ஒரு கிலோமீட்டர் ஏறும்போது இன்ஜின் சுற்றும் சுற்றுகள், மேல் கியரில் அதே தூரத்திற்குச் சுற்றுவதைப்போல் மூன்று, நான்கு மடங்கு ஆகும். ஆகவே கோயம்புத்தூரில் ஒரு லட்சம் ஓடிய வண்டியைவிட, மஞ்சூரில் ஐம்பதாயிரம் ஓடிய வண்டி அதிகம் தேய்ந்திருக்கக்கூடும்.

வண்டியைக் காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பானட்டைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால், விற்பவர் முன்னதாகவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று பொருள். குளிரில் எளிதில் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கே இந்த உபசாரம் தேவைப்படும். புகையிலும் ஒரு நுட்பம் உண்டு. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் டர்போ இல்லாத பழைய டீசல் இன்ஜின் ஏற்றத்தில் சற்றுக் கரும்புகை விடுவது இயல்பே. நீலப் புகை விட்டால் ஆயில் எரிகிறது, அது பெருஞ்செலவு.

அடியில் படுத்துப் பார்ப்பதற்குக் கூச்சப்படலாகாது. மூடுபனியின் ஈரத்தைவிடச் சேஸிஸுக்குக் கேடு செய்வது உர மூட்டை. அம்மோனியம் சல்பேட்டும் பொட்டாஷும் சிந்தி, ஈரத்தில் கரைந்து, பலகைக்கு அடியில் இறங்கி இரும்பை அரிக்கும். ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் இடங்களை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். புதிதாகக் கருப்புப் பெயிண்ட் அடித்த இடத்தைச் சற்று அழுத்தியே குத்தலாம். முன் அச்சுக்குச் செல்லும் ஷாப்ட் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டீசல் மிச்சமாகும் என்று அதைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. லீவர் மட்டும் இருக்கும், முன் சக்கரம் இழுக்காது. நான்கு டயர்களும் ஒரே அளவாக இருப்பது அவசியம். இல்லையேல் ‘போர் வீல்’ போடும்போதெல்லாம் டிரான்ஸ்பர் கேஸ் பற்கள் திணறும். காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டு ஓட்டுவதும் அதே கேட்டைத்தான் செய்யும்.

வாங்குபவர்கள் பெரும்பாலும் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். ஏறாத வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இறக்கத்தில் நிற்காத வண்டி ஆளைக் கொல்லும். மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கை மட்டும் நம்பி அங்கே இறங்க முடியாது. எனவே சோதனைக்குச் சேறான சரிவு ஒன்றைத் தேர்ந்து, பாதி பாரம் ஏற்றி, ‘லோ’ கியரில் பிரேக்கைத் தொடாமல் மெல்ல இறக்க வேண்டும். வண்டி இன்ஜினின் பிடியிலேயே இறங்க வேண்டும். நடுவில் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தால், விலை எவ்வளவு குறைவாயினும் வேண்டாம்.

இறங்கியதும் வண்டியை நிறுத்திப் பிரேக் பெடலை மிதித்தபடி ஒரு நிமிடம் இருக்க வேண்டும். பெடல் மெல்லக் கீழே போனால் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. கைபிரேக்கும் சரிவிலேயே நிறுத்திக் காட்ட வேண்டும். பழைய மாடல்கள் சிலவற்றில் கைபிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்பர் கேஸின் பின்புறம் உள்ளது. அங்கே ஆயில் கசிந்தால் பிரேக் பிடிக்காது.

ஆர்.சி. புத்தகம் எந்த வகையில் பதிவாகியுள்ளது என்பதும் முக்கியம். சொந்த உபயோக ஜீப்பில் பிறர் கொழுந்தை வாடகைக்கு ஏற்றுவது சட்டப்படி குற்றம். சரக்கு வண்டியின் பின்னால் பறிக்கும் பெண்களை ஏற்றிச் சென்று விபத்து நேர்ந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க இடமுண்டு. நஷ்டஈடு உரிமையாளர் தலையில் விழும். 15 ஆண்டு முடிந்த வண்டியை உடைத்துவிட வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவது சரியல்ல. தமிழ்நாட்டில் சொந்த உபயோக வண்டியைத் தகுதிச் சோதனைக்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். ஆனால் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாயிற்று. பசுமை வரி தனி. இத்தொகைகளைக் கேட்கும் விலையில் கழித்தே பேச வேண்டும். அரசு ஜீப் என்று சொல்லி விற்க வருவதிலும் எச்சரிக்கை தேவை. 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை.

வாங்கிய 30 நாட்களுக்குள் ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்ற மனுச் செய்ய வேண்டும். வண்டி மீது பாங்கிக் கடன் பதிவாகியிருந்தால், அது நீக்கப்பட்ட பிறகே முழுப் பணத்தையும் கொடுக்கலாம்.